பொதிகாசலத்துக்கு ரிவர்ஸ் வராது

ஜூன் 9, திங்கள்

இந்த டைரி நகைக்கடையில் பொங்கலுக்குக் கொடுத்தது. இத்தனை நாள் அம்மா இதை மாவுச் சட்டிக்கு மூடியாக வைத்திருந்தாள். டாக்டர் சொன்னதால் துடைத்து எடுத்திருக்கிறேன். ரத்த அழுத்தம் நூற்று அறுபதுக்கு நூறு. "யார்ட்டயும் கத்தாதீங்க மேடம். கோவம் வந்தா வீட்டுக்குப் போயி ஒரு நோட்டுல எழுதிருங்க" என்றார். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பக்கத்தில் இருக்கிற ஆள் லாரிக்கு நேராக வண்டியை விடும்போது வீட்டுக்குப் போய் நோட்டில் எழுதவா முடியும்?

பெயர் குழல்வாய்மொழி. வயது முப்பத்தெட்டு. ஊர் தென்காசி. குற்றாலத்து அம்மன் பெயர் அது. புல்லாங்குழல் போல இனிக்கப் பேசுகிறவள் என்று அர்த்தம். அம்மா ஆசைப்பட்டு வைத்தாள். நான் பழைய பஸ் ஸ்டாண்டில் கத்தினால் புது பஸ் ஸ்டாண்டில் திரும்பிப் பார்ப்பார்கள். ஊருக்கு நான் மொழி. மொழி டிரைவிங் ஸ்கூல், ஒரே ஒரு கார், பதினாலு வருஷம்.

இன்றைக்குப் புதிதாக ஒருவர் சேர்ந்தார். பொதிகாசலம். பார்வைக்கு நாற்பது இருக்கும், ஆறடிக்கு மேல். மேற்கே மலையில் ஏதோ எஸ்டேட்டில் பாய்லர் பார்த்தவராம். அங்கே வாங்கிய அடையாள அட்டைகள் எல்லாம் சரியாக இருந்தன. முதுகுப்பக்கம் சட்டைக்குள் பெரிய கட்டு ஒன்று போட்டிருக்கிறார். "காத்தாடி இடிச்சிட்டு" என்றார். சுரண்டைப் பக்கம் காற்றாலையில் வேலை பார்த்து விழுந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"இது ஆறுத வரைக்கும் போக வர ஒரு வழி வேணும்லா மேடம். நடக்கதுக்குக் கேவலமா இருக்கு."

நடப்பதில் என்ன கேவலமோ.

முதல் பாடத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் வானத்தைப் பார்த்தார். அரை மணி நேரத்தில் பதினோரு தடவை ரோட்டைப் பார்க்கச் சொன்னேன். இறங்கிப் போன பிறகு பார்த்தால் சீட்டு ரெக்ஸின் அவர் உட்கார்ந்த அச்சில் உருகியிருக்கிறது. காய்ச்சல் போல. நாளைக்கு மாத்திரை போட்டுவிட்டு வரச் சொல்ல வேண்டும்.

ஜூன் 11, புதன்

வளைவு வந்தால் இந்த ஆள் ஸ்டீயரிங்கைத் திருப்புவதில்லை. உடம்பை மொத்தமாக ஒரு பக்கம் சாய்க்கிறார். கார் கூடவே சாயும் என்று காத்திருக்கிறார். என் பக்கம் தனி பிரேக் இருக்கிறதோ, நாங்கள் தப்பித்தோமோ.

"சார், இது காரு. இதுக்கு றெக்கை கெடையாது."

"தெரியும் மேடம். பழக்கதோஷம்."

முன்னால் பைக் ஓட்டியிருப்பார்.

ஹார்ன் அடிக்கச் சொன்னால் தொண்டையைச் செருமுகிறார். அதற்கே எதிரே வந்த ஆட்டுக்கூட்டம் முழுக்க வயலில் இறங்கிவிட்டது. ஆட்டுக்காரர் என்னைத் திட்டினார். நான் திருப்பித் திட்டினேன். அவருக்கு இனி ஒரு வாரத்துக்குக் காது கேட்காது.

ஜூன் 13, வெள்ளி

பொதிகாசலம் வரவில்லை. எனக்கென்ன.

ஜூன் 14, சனி

இன்றும் வரவில்லை. எந்த மாணவர் வராவிட்டாலும் நான் இப்படி எழுதிவைப்பேன். மற்றவர்கள் ஒழுங்காக வந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

ஜூன் 16, திங்கள்

வந்துவிட்டார். கட்டுப் பிரித்துக் கட்டப் போனாராம். சாரல் பிடித்துக்கொண்டது. எல்லோரும் நனைந்த கோழியாக நிற்க, இவர் சட்டையிலிருந்து மட்டும் இட்லிப் பானை திறந்த மாதிரி ஆவி வருகிறது. காருக்குள் கண்ணாடியெல்லாம் பனி மூடி ஒன்றும் தெரியவில்லை. நான் துணியால் துடைத்துக்கொண்டே வந்தேன்.

வழியில் டீ குடிக்க நிறுத்தினோம். போன் வந்தது, பேசி முடிப்பதற்குள் என் டீ ஆறிவிட்டது. "கொண்டாங்க" என்று வாங்கி, கிளாஸை உள்ளங்கையில் ஒரு நிமிஷம் வைத்திருந்து கொடுத்தார். நாக்கு வெந்துவிட்டது.

இந்த ஆளுக்கு உடம்பு சூடு. நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னேன்.

அழுத்தம் நூற்று நாற்பத்தைந்து. மாத்திரை வேலை செய்கிறது.

ஜூன் 21, சனி

எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கப் பழக்குவதற்காகப் புளியரை தாண்டி மலைப்பாதையில் கூட்டிப் போனேன். நல்ல சாரல். ஏற்றத்தில் நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார். எடுக்கச் சொன்னேன், இன்ஜின் அணைந்துவிட்டது. வண்டி பின்னால் நகர்ந்தது. என் பக்கத்து பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தேன். சக்கரம் நின்றுவிட்டது, வண்டி நிற்கவில்லை. ஈர ரோட்டில் வழுக்கிக்கொண்டு பள்ளத்தைப் பார்த்துப் போகிறது. பின்னால் தடுப்புச் சுவர்கூட இல்லை.

"ஏல மூதி, ஹேண்ட் பிரேக்கப் போடுல!" என்று கத்தினேன்.

அவன் ஹேண்ட் பிரேக்கைப் போடவில்லை. கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டான். படுபாவி, என்னை விட்டுவிட்டுக் குதித்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். அடுத்த நொடி வண்டி எதன் மீதோ மெத்தென்று முட்டி நின்றது. திரும்பிப் பார்த்தால் பின்கண்ணாடி முழுக்கப் பாசி நிறத்தில் செதில். ஒவ்வொன்றும் தோசைக்கல் அகலம்.

இறங்கிப் பார்த்தேன். டவுன் பஸ் நீளத்துக்கு ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது. நாலு கால், ஒரு வால், மூக்கில் புகை. வலது இறக்கை விரிந்திருக்க, இடது இறக்கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருக்கிறது. அந்தக் கட்டை நான் சட்டைக்குள் பன்னிரண்டு நாளாகப் பார்த்திருக்கிறேன்.

ஊரில் யாராக இருந்தாலும் மயங்கி விழுந்திருப்பார்கள். எனக்கு வந்தது வேறு.

"வண்டிய நியூட்ரல்ல போட்டுட்டு இறங்கலாமால? பத்து நாளா உனக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்தேன்? கியர்ல போட்டுட்டுலா இறங்கணும்!"

அது தலையைக் குனிந்துகொண்டது. "தப்புத்தான் மேடம்" என்றது. குரல் மட்டும் அதே குரல்.

அப்புறம் அது அவனாக மாறியது. சட்டை வேட்டியெல்லாம் கிழிந்து ரோட்டில் கிடந்தன. டிக்கியிலிருந்து கார் மூடுகிற உறையை எடுத்துக் கொடுத்துவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மலை நன்றாகத்தான் இருந்தது. முழு நேரமும் மலையைத்தான் பார்த்தேனா என்று டாக்டர் கேட்கப் போவதில்லை.

ஜூன் 22, ஞாயிறு

சிலிண்டர் வந்தது. தலைக்குக் குளித்தேன். பின் பம்பரில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்திருக்கிறேன். வேறு இடம் இல்லை.

அழுத்தம் நூற்று முப்பதுக்கு எண்பத்தைந்து. டிராகனைப் பார்த்த மறுநாள் யாருக்காவது அழுத்தம் குறையுமா? மிஷின் கோளாறு.

ஜூன் 24, செவ்வாய்

அவன் எல்லாவற்றையும் சொன்னான். அகத்தியமலைக்கு அப்பால் காட்டுக்குள்தான் பிறந்தது. அந்தப் பக்கம் இப்போது அவனும் ஒரு அக்காவும் மட்டும். மனிதனாக எஸ்டேட்டில் இருபது வருஷம் இருந்தானாம், பாய்லருக்கு விறகே கேட்க மாட்டான் என்று முதலாளிக்கு இவன்மேல் பிரியமாம். வைகாசியில் காற்று பலமாக அடித்த ஒரு நாள், பறந்து வந்தால் முன்பு இல்லாத இடத்தில் ஒரு காற்றாடி நின்றிருக்கிறது, இடித்துக்கொண்டான். "போன தடவ வரும்போது அங்கன பனை மரந்தான் மேடம் நின்னுச்சு" என்றான். போன தடவை எப்போது என்றேன். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் என்றான்.

"உனக்கு என்ன வயசு?"

"முந்நூத்தி நாப்பது. கூடக்கொறைய."

"நல்லாப் போச்சு. அதான் பாடம் மண்டைல ஏற மாட்டேங்குது."

சிரித்தான். சிரிக்கும்போது காதிலிருந்து லேசாகப் புகை வருகிறது. அதை நான் ரசித்தேன் என்று எழுதமாட்டேன்.

ஜூலை 3, வியாழன்

பாடம் முடிந்து செங்கோட்டைப் பக்கம் பரோட்டா சாப்பிடப் போனோம். அவன் நாற்பத்திரண்டு. நான் மூன்று. பரிமாறுகிறவர் கடைசியில் தட்டையே பார்க்காமல் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே போட்டார். நாட்டுக்கோழி ஆறிவிட்டது என்று நான் முகம் சுளித்தேன். யாரும் பார்க்காதபோது குனிந்து அதன்மேல் ஒரு ஊது ஊதினான். இப்படி ஒரு கோழி நான் தின்றதில்லை.

ஆறு மணிக்கு வீட்டில் இறக்கிவிடப் போனால், வீடு எங்கே என்று கேட்டதற்கு மலையைக் கை காட்டினான்.

ஜூலை 5, சனி

புதுச்சேலை எடுத்தேன். பழையதெல்லாம் நைந்துவிட்டது. மாம்பழ மஞ்சளில்தான் கிடைத்தது. வேறு ஒரு காரணமும் இல்லை.

"காலம்பற பாடம் எடுக்கதுக்கு எதுக்குட்டி புதுச்சேலை?" என்று அம்மா கேட்டாள். காற்றோட்டமாக இருக்கும் என்றேன்.

ஜூலை 14, திங்கள்

இன்று அவனுக்கு லைசென்ஸ் டெஸ்ட். நேராக ஓட்டினான், வளைவில் சாயாமல் திருப்பினான், ஹார்னைக் கையால் அடித்தான். ரிவர்ஸில்தான் கொஞ்சம் தடுமாற்றம். அவர்கள் இனத்தில் பின்பக்கமாகப் பறக்கிற வழக்கமே கிடையாதாம். அதையும் எப்படியோ ஒப்பேற்றினான். கடைசியில் பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு கேள்வி கேட்டார்.

"மலைப்பாதைல போறீங்க. பிரேக் பிடிக்கல. என்ன செய்வீங்க?"

"இறங்கிப் பிடிச்சிக்கிடுவேன் சார்."

ஃபெயில்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. காற்று பேய்க் காற்று. பக்கத்து வீட்டுத் தகரக் கூரை எங்கள் முருங்கையில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அவன் பாடத்துக்கு வந்தான், வண்டியை எடுக்கவில்லை. கட்டு இல்லை. இறக்கை கூடிவிட்டதாம்.

"இந்த ஆடிக் காத்து அடங்கதுக்குள்ள அக்கா வருவா மேடம். காத்துல ஏறினாத்தான் அம்புட்டுத் தூரம் போக முடியும். கடலுக்கு அந்தாண்ட, எங்க சனம் இருக்க மலைக்கு. ஆடி கடைசி நாளு கெளம்பணும்."

"போனா எப்ப வருவ?"

"ஒரு நூறு வருசம் ஆவும்."

வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் போவணுமா மேடம்?" என்றான்.

பதினாலு வருஷமாக நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. சொல்லித்தான் பழக்கம். இடதுபக்கம் திருப்பு, கிளட்சை மிதி, நிறுத்து. அதே வாயால் "ரிவர்ஸ் ஒழுங்கா வரல. அது வராம எங்கயும் போகக் கூடாது" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். "ரிவர்ஸ் எனக்கு வரவே வராதே" என்றான்.

"தெரியும்" என்றேன்.

கையைப் பிடித்தான். சுட்டது. எடுக்கவில்லை. சரி, எழுதிவிடுகிறேன்: எனக்கு அவனைப் பிடித்திருக்கிறது. அவன் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

அம்மாவைப் பற்றி அவனிடம் சொன்னேன்.

இருபத்திரண்டு வயதில் எனக்குக் கல்யாணம் செய்துவைத்தாள். அப்பா இல்லை, அவளே ஓடி ஓடிப் பார்த்த மாப்பிள்ளை. ஜாதகத்தில் பத்துக்கு ஒன்பது பொருத்தம். பொருந்தாத அந்த ஒன்று அவன் புத்தி. இரண்டாவது வருஷம் ஒரு பையோடும் கன்னத்தில் ஒரு வீக்கத்தோடும் வந்து நின்றேன். அம்மா ஒரு கேள்வி கேட்கவில்லை. தன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்து, "உனக்கு வண்டி ஓட்டப் பிடிக்கும்லா" என்றாள். அன்றிலிருந்து என் விஷயத்தில் அவள் சரி என்றும் சொன்னதில்லை, வேண்டாம் என்றும் சொன்னதில்லை. குழம்புக்குப் புளி போதுமா என்றுகூட என்னைத்தான் கேட்பாள்.

"அம்மா சரின்னு வாயால சொல்லணும். அவளத் தனியா விட்டுட்டு, அவ மனசு கோண, நான் எதுவும் செய்ய மாட்டேன்" என்றேன்.

"ஆடி முடியதுக்குள்ளயா?"

"ஆடி முடியதுக்குள்ள."

ஜூலை 25, வெள்ளி

வீட்டுக்குக் கூட்டிவந்தேன். நண்பர், பாய்லர் வேலை என்று மட்டும் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். மீதியைப் பையச் சொல்லலாம் என்று திட்டம்.

வந்தவனிடம் அம்மா ஊர் நியாயமெல்லாம் பேசிவிட்டு, நாலு நாளாகச் சாரலில் துணி காயவில்லை, கட்டுவதற்குச் சேலை இல்லை என்று புலம்பினாள். நான் அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருந்தேன். இவன் நல்ல பிள்ளையாகத் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போயிருக்கிறான். கொஞ்ச நேரம் கழித்து அம்மா பின்னாலேயே ஏறிப் போனாள். காபியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன், அதற்குள் அவள் படியில் இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"ஏட்டி மொழி. மேல ஒண்ணு நிக்கி."

"யம்மா, நான் சொல்லுதேன்—"

"சைனா ஓட்டல் போர்டுல வரஞ்சிருப்பான்லா, அது. றெக்கைல என் சேல பன்னெண்டையும் காயப் போட்டுட்டு நிக்கி." படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "ஊதாச் சுங்கிடி காஞ்சிட்டு. அதான் லேசுல காயாது."

அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். மாம்பழ மஞ்சள் சேலையைப் பார்த்தாள்.

"அவம்மேல உனக்கு இஷ்டமோ?"

தலையை ஆட்டினேன்.

அரை மணி நேரம் கழித்து அவன் வேட்டி கட்டிக்கொண்டு கீழே வந்து, பன்னிரண்டு சேலையையும் மடித்துக் கட்டிலில் வைத்தான். அம்மா ஒன்றுமே நடக்காதது போல, "மூட்டு வலிக்கி, சூடு வச்சா நல்லாருக்கும்னு டாக்டரு சொல்லுதாரு" என்றாள். அவன் தரையில் உட்கார்ந்து அவள் முழங்காலில் கை வைத்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

கண்ணைத் திறக்காமலேயே கேட்டாள்: "ஜாதகம் இருக்கா தம்பி?"

ஜூலை 28, திங்கள்

எஸ்டேட் அட்டையில் குமாஸ்தா போட்டிருந்த பிறந்த தேதியை வைத்துச் சுப்பையா ஜோசியர் ஜாதகம் கணித்தார். பத்துக்கு ஒன்பது சொன்ன அதே ஜோசியர். அம்மாவுக்கு வேறு யாரையும் தெரியாது.

"பையன் ரோகிணி. பாப்பா உத்திராடம். மத்தது முன்னப் பின்ன இருந்தாலும் பாத்துக்கிடலாம், யோனிப் பொருத்தந்தான் இடிக்கி. ரோகிணிக்குப் பாம்பு. உத்திராடத்துக்குக் கீரி. ஒரு வீட்டுல வாழுமா?"

அம்மா கையைப் பிசைந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

அவனிடம் சொன்னபோது அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பாம்பா? எங்களப் பாம்புன்னு சொன்னது அக்கா காதுல விழுந்தா அந்த வீட்டுக் கூரை இருக்காது."

"கீரிக்கு ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"அது சரியாத்தான சொல்லிருக்காரு" என்றான் மரியாதையாக.

ஜூலை 31, வியாழன்

விடுகிற ஆளா நான். மூன்று பேரும் மறுபடி ஜோசியர் வீட்டுக்குப் போனோம். தேதி பொய், குமாஸ்தா வாய்க்கு வந்ததை எழுதியது என்று சொன்னேன். அப்படியென்றால் நிஜத் தேதியைக் கொடுங்கள் என்றார். வேறு வழியில்லை; கதவைச் சாத்திவிட்டு, நிஜத்தை எல்லாம் சொன்னேன். அவன் ஒரு விரலால் அவருடைய குத்துவிளக்கை ஏற்றிக் காட்டினான்.

சுப்பையா அண்ணாச்சி பயப்படவில்லை. நாற்பது வருஷமாகப் பத்தாங்கிளாஸ் பிள்ளைக்கு எப்போது வேலை கிடைக்கும் என்றே கேட்டுக் கேட்டுச் சலித்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்ப நீங்க பொறந்தது முட்டைலயா?"

"ஆமா அண்ணாச்சி."

"முட்ட விழுந்த நேரம் வேணுமா, ஓடு ஒடஞ்ச நேரம் வேணுமா? அதுலா கேள்வி!"

"ரெண்டுக்கும் நடுவுல எத்தன நாளு?" என்று அம்மா கேட்டாள்.

"பதினோரு வருசம்" என்றான்.

"அந்தப் பதினோரு வருசம் யாரு தசைல போச்சுன்னு சொல்லுதது?" ஜோசியர் தலையில் கை வைத்துக்கொண்டார். முகத்தில் ஆனந்தம். அலமாரியில் இருந்த பஞ்சாங்கத்தை எல்லாம் இறக்கினார். முந்நூற்று நாற்பது வருஷத்துக்கு முந்தியது ஒன்றுமில்லை. "கணிக்க முடியாதும்மா. பொருந்துதுன்னும் சொல்ல மாட்டேன், பொருந்தலன்னும் சொல்ல மாட்டேன். நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றார்.

எனக்குச் சந்தோஷம். அம்மா முகம்தான் வெளுத்துவிட்டது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. தேங்காய்ச் சாதம், புளிச்சாதம் எல்லாம் செய்தாள். பேசவில்லை. நான்தான் பொறுக்காமல் கத்தினேன்.

"சரின்னு சொல்லு, இல்ல வேண்டாம்னு சொல்லு. ஊமைக் கோட்டான் மாதிரி இருந்தா நான் என்ன செய்ய?"

கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒருக்கா நான் சரின்னு சொல்லி உன்ன அனுப்பினேன். நீ வந்து நின்ன கோலத்த நான் இன்னும் மறக்கல. இனி என் வாயால சொல்ல மாட்டேன். நான் சொன்னா வெளங்காதுட்டி."

பதினாலு வருஷம் அவள் இதை உள்ளே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் ஒருநாளும் அவளைக் குறை சொன்னதில்லை. குறை இல்லை என்றும் சொன்னதில்லை. இப்போது சொன்னேன். "நீ என்னம்மா செய்வ" என்றேன். அவள் சாதத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அம்மாவே முடிவு சொன்னாள். பூக்கட்டிப் பார்க்கலாமாம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்பது. பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் இல்லை. "அடுத்த வெள்ளிக்கெழம, கடைசி ஆடி வெள்ளி. ஆத்தா சொல்லுததுதான். பொறவு நீயும் பேசக் கூடாது, நானும் பேச மாட்டேன்."

அதற்கு மறுநாள் ஆடி முடிகிறது. அவன் அக்கா மலைக்கு வந்து காத்திருக்கிறாளாம்.

"சிவப்பு வந்தா?" என்று அவன் கேட்டான்.

முந்நூற்று நாற்பது வயது ஆள், ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கிறான். ஸ்டீயரிங்கில் நாலு விரல் தடம் உருகிப் பதிந்துவிட்டது.

ஆகஸ்ட் 13, புதன்

அழுத்தம் நூற்று எழுபது. மிஷினைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை, அவனிடமும்.

ஆத்தாமேல் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் இவ்வளவு பெரிய விஷயத்தை அவள் ஒருத்தி தலையில் போட எனக்கு மனசில்லை. காலையில் பின்வாசல் நந்தியாவட்டையைப் பறித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். சிவப்புப் பொட்டலத்தைப் பிரித்து வெள்ளையை வைத்து மடித்துவிடுவது. பாவம்தான். ஆயிரத்தெட்டு தேங்காய் உடைத்துக் கழித்துக்கொள்ளலாம்.

பொட்டலம் இரண்டையும் அம்மா வீட்டிலேயே மடித்து நூல் சுற்றி எடுத்துவந்திருந்தாள். யாரையும் தொட விடவில்லை. கோயிலில் நல்ல கூட்டம். பொட்டலம் இருந்த தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "மூணு சுத்து சுத்திட்டு வாரேன்" என்று பிரகாரத்துக்குப் போனாள். மூட்டுவலிக்காரி, மூன்று சுற்றுக்கு எப்படியும் பத்து நிமிஷம். அவன் வெளியே கார் பக்கத்தில் நின்றான்; உள்ளே வந்தால் சூடத்தட்டு தானே பற்றிக்கொள்கிறது.

தூண் மறைவில் போய் முதல் பொட்டலத்தைப் பிரித்தேன். வெள்ளை. நல்லது, அப்படியென்றால் மற்றதுதான் சிவப்பு. முதலாவதை மடித்துச் சுற்றிவிட்டு இரண்டாவதைப் பிரித்தேன்.

அதுவும் வெள்ளை.

மறுபடி முதலாவதைப் பிரித்துப் பார்த்தேன். வெள்ளை. இரண்டிலும் நந்தியாவட்டை. எங்கள் பின்வாசல் நந்தியாவட்டை. காலையில் நான் பறிக்கப் போனபோது செடியில் ஏன் அவ்வளவு குறைச்சலாக இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

எனக்குக் கண் மறைத்துவிட்டது. எப்படி நூல் சுற்றினேன் என்று தெரியாது. அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள், தட்டை வாங்கினாள், முடிச்சை ஒரு பார்வை பார்த்தாள். அவள் முடிச்சு போலவே இருந்திருக்காது. ஒன்றும் கேட்கவில்லை.

பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். பிரித்தார். வெள்ளை.

"ஆத்தா! தாயே! சொல்லிட்டியே!" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். எனக்கு இந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று இத்தனை நாள் யோசித்திருக்கிறேன். "கேட்டியாட்டி, ஆத்தாளே சொல்லிட்டா! நான் ஒண்ணும் சொல்லல!"

"ஆமாம்மா. ஆத்தாதான் சொன்னா" என்றேன். அழுதுகொண்டே சொன்னேன். அவளும் அழுதாள். மற்ற பொட்டலத்தைப் பூசாரி கொடுப்பதற்குள் அவளே எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்து அவனிடம் தலையை மட்டும் ஆட்டினேன். அவன் காதிலிருந்து புகை வந்தது. பூ விற்கிற அம்மா ரேடியேட்டர் கொதிக்கிறது என்று எங்கள் காரைக் காட்டிச் சொன்னாள். அம்மா அவனை மேலும் கீழும் பார்த்து, "உங்க அக்காவ நாளைக்குச் சாப்பாட்டுக்குக் கூட்டியா. என்ன சாப்புடுவாங்கன்னு இப்பவே சொல்லு, நான் பாத்திரம் வாடகைக்கு எடுக்கணும்" என்றாள்.

வீட்டுக்கு அவன்தான் ஓட்டினான். நான் பக்கத்தில், அம்மா பின்சீட்டில். சிற்றாற்றுப் பாலம் வந்ததும் அம்மா கண்ணாடியை இறக்கி, முந்தானையிலிருந்து எதையோ எடுத்து ஆற்றில் வீசினாள்.

அவன் உள்கண்ணாடியில் பார்த்துவிட்டான். "அத்த என்னமோ வெளிய போட்டாங்களே?" என்று என்னிடம் மெல்லக் கேட்டான்.

பதினாலு வருஷத்தில் ஒரு மாணவனிடமும் சொல்லாததைச் சொன்னேன். "கண்ணாடியப் பாக்காத. ரோட்டப் பாத்து ஓட்டு."

பின்சீட்டில் அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.